காவல் நாய்க்கு நாம் காவல்: கருத்தடைக்குப் பிந்தைய பத்து நாட்கள்

காலையில் வாலை ஆட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிய நாய், மாலையில் சாக்கின் மேல் கிடத்தப்பட்டு வீடு திரும்புகிறது. கண் பாதி திறந்திருக்கிறது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் காது அசைவதில்லை. எழுந்து நிற்கப் பார்த்து, பின்னங்கால் மடங்கி விழுகிறது. மயிர் மழித்த இடத்தில் விரல் நீளத்துக்குத் தையல். ராத்திரி முழுக்க ஆட்டுப்பட்டியைச் சுற்றிவந்த நாயா இது என்று பார்ப்பவர் மனம் பதறுகிறது. 'நன்றாக இருந்த நாயை நாமே கொண்டுபோய்க் கெடுத்துவிட்டோமோ' என்ற எண்ணம் அன்றிரவு தூங்கவிடாது.

பெண் நாய்க்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவந்த பெரும்பாலான வீடுகளில் இந்தக் கவலை உண்டு. இதில் முக்கால்வாசி தேவையற்ற கவலை. மீதிக் கால்வாசி, விடியட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாத கவலை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். நாயும் தேறிவிடும், நீங்களும் தூங்கலாம்.

ஆண் நாயைவிடப் பெரிய அறுவை

ஆண் நாய்க்குச் செய்யும் அறுவை வயிற்றைத் திறக்காமல் முடிந்துவிடுகிறது. பெண் நாய்க்கு அப்படியில்லை. வயிற்றின் நடுக்கோட்டிலோ விலாப்பக்கத்திலோ திறந்து, இரண்டு சினைப்பைகளையும் கருப்பையையும் எடுக்கிறார்கள். அவற்றுக்குப் போகும் ரத்தக் குழாய்களை உள்ளேயே இறுகக் கட்டிவிட்டு, தசைக்கு ஒரு தையல், தோலுக்கு ஒரு தையல் என்று அடுக்கடுக்காக மூடுகிறார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது மேல் தையல் மட்டும்தான். நாயின் உயிர் உள்ளே இருக்கும் கட்டுகளையும் தசைத் தையலையும் நம்பியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் கட்டுப்பாடுகள் எதற்காக என்பது புரியும்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் செய்ய வேண்டும்? பெண் நாய் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வருகிறது. அந்த நாட்களில் ஊரிலுள்ள கடுவன் நாய்கள் எல்லாம் தோட்டத்து வேலியோரம் கூடிவிடும். சண்டையும் கடியுமாக ஆடுகள் மிரளும். வெறிநோய்த் தொற்றுக்கும் வழி திறக்கும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் என்றால், கடுவன் குட்டிகளுக்கு ஆள் கிடைக்கும். பெட்டைக் குட்டிகள் சாலையோரம் போய்ச் சேரும். இது தவிர, குட்டி போடாத நாய்களுக்கு வயதான பிறகு கருப்பையில் சீழ் கட்டும் நோய் வருவதுண்டு. பருவம் முடிந்த சில வாரங்களில் நாய் நிறையத் தண்ணீர் குடித்து, தீனி எடுக்காமல் சோர்ந்து கிடக்கும், கவனிக்காவிட்டால் இறந்துவிடும். இணைசேரும்போது தொற்றும் பிறப்புறுப்புக் கட்டியும் அவிழ்த்துவிட்ட நாய்களிடம் சகஜம். முறையாகக் கருத்தடை செய்த நாய்க்கு இந்தத் தொல்லைகள் வர வழியில்லை என்றே சொல்லலாம்.

'கருத்தடை செய்தால் காவல் குணம் போய்விடும்' என்று பலர் தயங்குகிறார்கள். தன் இடத்தையும் தன் ஆட்களையும் காக்கும் குணம் சினைப்பையில் இருந்து வருவதல்ல. அது இனத்தோடும் பழக்கத்தோடும் வருவது. நாய் மந்தமாவது தீனி மிஞ்சி உடல் பெருப்பதால்தான். அதைக் கடைசியில் பார்ப்போம்.

கவலையைக் குறைக்கும் முன்வேலை

அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களில் சில, அறுவைக்கு முன்பே தடுக்கக் கூடியவை. முதலில் உண்ணி. நம் ஊர் நாய்களுக்கு உண்ணி மூலம் வரும் காய்ச்சல்கள் அதிகம். இவை ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும், ரத்தசோகையையும் உண்டாக்கும். வெளியில் நன்றாகத் தெரியும் நாய்க்கும் உள்ளுக்குள் இது இருக்கலாம். அப்படிப்பட்ட நாயை மேசையில் ஏற்றினால் ரத்தம் நிற்காது. ஆகவே உண்ணி இருந்த நாய் என்றால் மருத்துவரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு பிறகு நாள் குறியுங்கள்.

இரண்டாவது, பருவம். பருவத்தில் இருக்கும்போது கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம். எனவே பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் விட்டுச் செய்வது நல்லது. கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது, இணைசேர்ந்ததா, குட்டி போட்டிருக்கிறதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மூன்றாவது, இனம். கிரேஹவுண்ட் போன்ற மெலிந்த உடல் கொண்ட வேட்டை நாய்களுக்குச் சிலவகை மயக்க மருந்து தெளிய நெடுநேரம் பிடிக்கும் என்பது கால்நடை மருத்துவர்கள் அறிந்தது. நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களும் அதே வாகில் கொழுப்பில்லாத உடம்புடையவை. 'நாட்டு நாய்' என்று பொதுவாகச் சொல்லாமல் இனத்தைச் சொல்லிவிடுங்கள்.

வளர்ந்த நாய்க்கு முதல் நாள் இரவுக்குப் பின் தீனி வேண்டாம். எத்தனை மணி நேரம், தண்ணீர் எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். பாவம் பார்த்து விடிகாலையில் சோறு வைத்துவிட்டால், மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் இந்த அறுவைக்கான வசதி இருக்காது. பெரிய கால்நடை மருத்துவமனைகள், சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சை வளாகங்கள், தனியார் மருத்துவர்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் 'ராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது?' என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் இரவு

வீட்டுக்கு வந்ததும் நாயைத் தரைமட்டத்தில் படுக்க வையுங்கள். கட்டில், திண்ணை, படிக்கட்டுப் பக்கம் வேண்டாம். தண்ணீர்த் தொட்டி, கிணறு, சாக்கடை எதுவும் எட்டாத அறையாக இருக்கட்டும். மயக்கம் தெளியாத நாய் தள்ளாடிப் போய் ஒரு சாண் தண்ணீரிலும் மூழ்கிவிடும். மற்ற நாய்களை அருகே விட வேண்டாம். நிற்க முடியாத நாயை அவை கடிப்பதும் உண்டு, புண்ணை நக்குவதும் உண்டு.

மயக்க மருந்தின் தாக்கத்தில் உடல் சூடு குறையும். சிமென்ட் தரையில் வெறுமனே கிடத்தாமல், துவைத்த பழைய வேட்டியையோ சேலையையோ மடித்து விரித்து, மேலே ஒன்று போர்த்துங்கள். வைக்கோலும் சாக்கும் வேண்டாம். தூசியும் உண்ணியும் தையலுக்கு ஆகாது. தலை உடம்பைவிடத் தாழ்ந்து மடங்காமல், கழுத்து நீண்டிருக்கட்டும். ஒரே பக்கமாகக் கிடந்தால் இரண்டு மணிக்கு ஒருமுறை மெல்லத் திருப்பிப் போடுங்கள்.

நன்றாக விழித்து, தலையைத் தூக்கிப் பார்க்கும் வரை வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. விழித்த பிறகு இரண்டு வாய் தண்ணீர். அது தங்கினால் சற்று நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். இரவு கேட்டால், வழக்கமாக வைப்பதில் கால் பங்கு குழைந்த சோறு போதும். எலும்பும் கறிக்கழிவும் பக்கத்திலேயே வரக்கூடாது.

முனகும், நடுங்கும், ஆளை அடையாளம் தெரியாததுபோல் உறுமும். குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். சில நாய்கள் படுத்த இடத்திலேயே சிறுநீர் விட்டுவிடும், அதட்டாதீர்கள். மயக்கத்தின்போது தொண்டையில் குழாய் வைத்திருந்தால் ஓரிரு நாள் செருமும். இவையெல்லாம் இயல்பு.

ஈறு சொல்லும் சேதி

முதல் 24 மணி நேரத்தில் நாம் உண்மையில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: உள்ளே கட்டிய ரத்தக் குழாயில் கசிவு. வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே வயிற்றுக்குள் ரத்தம் சேரலாம். அதைக் காட்டிக்கொடுப்பது ஈறு.

மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கும். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். அறுவைக்கு முந்தைய நாளே இதைச் செய்து பழகிக்கொண்டால், உங்கள் நாயின் இயல்பான நிறம் எது என்பது மனதில் பதிந்திருக்கும். முதல் இரவில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

ஈறு சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது, வயிறு உப்பிக்கொண்டு வருகிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, முதலில் விழித்த நாய் மறுபடி சோர்ந்து சாய்கிறது, தையலிலிருந்து ரத்தம் விடாமல் சொட்டுகிறது — இவற்றில் எது தெரிந்தாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். வழி தெரியாவிட்டால் கால்நடை அவசர உதவிக்கான 1962 எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

எவை இயல்பு, எவை இல்லை

மறுநாள் நாய் சோர்வாக இருக்கும். அரைத் தீனிதான் எடுக்கும். ஒருமுறை வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை. வெறும் வயிறாக இருந்ததால் இரண்டு மூன்று நாள் மலம் கழிக்காது. அதற்காக விளக்கெண்ணெய் கொடுக்க வேண்டாம். தையல் ஓரம் லேசாகச் சிவந்து, கொஞ்சம் தடித்திருக்கும். முதல் நாள் நீர் கலந்த ரத்தம் ஓரிரு சொட்டு கசியலாம்.

ஆனால் 48 மணி நேரம் கழிந்தும் எதையும் தின்னவில்லை, திரும்பத் திரும்ப வாந்தி, ஒருநாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லை என்றால் காட்ட வேண்டும். நாயின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மருந்துக்கடையில் விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். 103.5-க்கு மேல் போனாலும், தையலில் சீழ், கெட்ட வாடை, நாளுக்கு நாள் பெருகும் வீக்கம் தெரிந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில், நல்ல வெளிச்சத்தில், தையலைக் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் புண் ஆறுகிறதா, கெடுகிறதா என்ற குழப்பம் இருக்காது. மருத்துவரிடம் விளக்கவும் அந்தப் படங்கள் உதவும்.

ஈயும் நாக்கும்

தோட்டத்து நாய்க்கு, நகரத்து நாய்க்கு இல்லாத ஓர் எதிரி உண்டு: ஈ. மாட்டுக்கொட்டகை, சாணக்குழி, ஆட்டுப்பட்டி இருக்கும் இடத்தில் ஈரமான புண்ணில் ஈ முட்டை வைக்க அரைநாள் போதும். முட்டை ஒரே நாளில் பொரித்துப் புழுவாகிவிடும். எனவே கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டாமல், ஈ குறைந்த அறையில், முடிந்தால் கொசுவலைக்குள் வையுங்கள். ஈ அண்டாமல் இருக்க மேலே தெளிக்கும் மருந்தை மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள். புழு தெரிந்தால் மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில், அந்துருண்டைப் பொடி எதையும் போடாதீர்கள். ஆழமான தையலில் இவை உள்ளே இறங்கினால் புழுவைவிட அதிகக் கேடு செய்யும்.

'மஞ்சள் நல்லதுதானே?' என்று கேட்பீர்கள். தையல் போட்ட புண் ஏற்கெனவே மூடப்பட்ட புண். அதன்மேல் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசினால் தூசி ஒட்டும், நாய் நக்கும், உள்ளே சிவக்கிறதா என்பதும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். தையல் காய்ந்து, சுத்தமாக, சும்மா இருக்க வேண்டும். அதுதான் அதற்கு மருந்து. தையல் பிரிக்கும் வரை குளிப்பாட்டவும் வேண்டாம்.

இன்னொரு எதிரி நாயின் நாக்கு. 'நாய் நக்கினால் புண் ஆறும்' என்பது இங்கே உதவாது. நக்க ஆரம்பிக்கும் நாய் ஓர் இரவுக்குள் தையலைக் கடித்துப் பிடுங்கிவிடும். புனல் போன்ற பிளாஸ்டிக் கழுத்துப்பட்டை வாங்கிப் போடுங்கள். முதல் நாள் முரண்டு பிடிக்கும், சுவரில் இடித்துக்கொள்ளும், அப்புறம் பழகிவிடும். 'பாவம், தூங்கும்போதாவது கழற்றிவிடலாம்' என்று தோன்றும். நாம் தூங்கும் நேரம்தான் அது நக்கும் நேரம். தீனி வைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கழற்றுங்கள், முடிந்ததும் மாட்டிவிடுங்கள். பட்டை கிடைக்காவிட்டால் பழைய பருத்தி பனியனை முன்னங்கால்களில் மாட்டி, முதுகின் மேல் முடிச்சுப் போடலாம். அது நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

ஆபத்தான நாள், அது தேறிய நாள்

எங்கள் தோட்டத்து நாய்க்குக் கருத்தடை செய்தபோது முதல் இரவு கண்விழித்தோம். இரண்டாம் நாள் கஞ்சி குடித்தது. மூன்றாம் நாள் வாலை ஆட்டியது. நான்காம் நாள் காலை, கட்டிய இடத்தில் நின்று அழ ஆரம்பித்தது. தேறிவிட்டதே, கொஞ்ச நேரம் காலாற நடக்கட்டும் என்று சங்கிலியை அவிழ்த்துவிட்டேன். வரப்பில் ஒரு கீரி ஓடியது. கண்மூடித் திறப்பதற்குள் முள்வேலியைத் தாண்டிவிட்டது நாய். சாயங்காலம் தையல் பக்கம் எலுமிச்சை அளவு வீக்கம். இரண்டு தையல் விட்டு, சிவந்த நீர் கசிந்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மேல் தோல்தான் பிரிந்திருந்தது, உள் தசைத் தையல் தாங்கிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. மறுபடி மயக்கம், மறுபடி தையல், மறுபடி முதலிலிருந்து பத்து நாள். அறுவை செய்தவர் குறையில்லாமல் செய்து கொடுத்திருந்தார். கெடுத்தது என் இரக்கம்.

அன்று புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நாய் சோர்ந்து கிடக்கும் நாளில் நாம் கவனமாக இருக்கிறோம். அது துள்ள ஆரம்பிக்கும் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நாளில் அசந்துவிடுகிறோம். வலி குறைந்துவிட்டது என்பதால் தசை ஒட்டிவிட்டது என்று பொருளில்லை. மேல்தோல் ஒட்டவே 10 முதல் 14 நாள் வேண்டும். உள்தசை பழைய வலுவைப் பெறப் பல வாரம் ஆகும். அதுவரை ஓட்டம், தாவல், மாடிப்படி, மற்ற நாய்களோடு விளையாட்டு எதுவும் கூடாது. காலையும் மாலையும் ஐந்து நிமிடம், கயிற்றைக் கையில் பிடித்தபடி ஒன்றுக்கு இரண்டுக்கு அழைத்துப் போய்வந்தால் போதும். பட்டிக் காவலுக்கு அந்த இரு வாரமும் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வேலை குறைந்த மாதமாகப் பார்த்து நாள் குறித்தால் இது எளிது.

தையல் முழுதும் விட்டு, உள்ளிருந்து சவ்வோ குடலோ எட்டிப் பார்த்தால் பதறாதீர்கள். உள்ளே தள்ள முயலவும் வேண்டாம். காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, நாய் அதைக் கடிக்காதபடி தலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் துண்டால் தாங்கி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நேரத்தில் சேர்த்தால் பிழைக்கும்.

நம் மாத்திரை அதற்கு விஷம்

நாய் வலியில் முனகுவதைக் கேட்டு, வீட்டிலிருக்கும் உடம்பு வலி மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுப்பவர்கள் உண்டு. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் ஈரலைத் தாக்கும். மருத்துவர் எடை பார்த்து எழுதிய வலிமருந்து மட்டும், எழுதிய நாள் வரை மட்டும். நோய்த்தொற்றுத் தடுப்பு மருந்தையும் இரண்டு நாளில் நிறுத்தாமல் முழுதும் கொடுங்கள்.

தையல் பிரித்த பிறகு

சொன்ன தேதியில் தையல் பிரித்துவிடுங்கள். கரையும் நூல் போட்டிருந்தாலும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. அப்போதே வெறிநோய்த் தடுப்பூசிக்கான அடுத்த தேதியையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கருத்தடைக்குப் பின் நாயின் உடம்புக்குத் தேவையான தீனி குறையும், பசி குறையாது. எனவே சோற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, முட்டை போன்ற புரதத்தைக் குறைக்காமல் வையுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அதுவே சரியான அளவு. சில நாய்களுக்குப் பல மாதம், சில ஆண்டுகள் கழித்து, தூக்கத்தில் சிறுநீர் கசியலாம். அதற்கு மருந்து உண்டு. மறுபடி பருவ அறிகுறிகள் தெரிந்தால் சினைப்பைத் துணுக்கு ஏதும் உள்ளே நின்றுவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் நாய்க்கு மயிர் முளைத்து, தழும்பு இருந்த இடமே இப்போது தெரியவில்லை. பழையபடி பட்டியைச் சுற்றி வருகிறது. கீரியைக் கண்டால் இப்போதும் வேலி தாண்டுகிறது. ஆண்டு முழுக்க அது நம் ஆட்டையும் கோழியையும் காக்கிறது. பதிலுக்கு அது கேட்பது பத்துப் பதினைந்து நாள் காவல். அந்தக் காவலில் கடைசி நாள் வரை அசராமல் இருங்கள்.